ஊருக்கு ஒரு கட்டம், ரகத்துக்கு ஒரு வளைவு: ஆய்வுத் தரவை வரைபடமாக்குவது எப்படி?

கேள்வி: அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடி, கே.வி.குப்பம், பேரணாம்பட்டு, ஆலங்காயம் ஆகிய ஆறு ஊர்களில் மானாவாரி வேர்க்கடலையில் இடைவெளி ஆய்வு நடத்தினேன். டி.எம்.வி. 7, வி.ஆர்.ஐ. 2, கதிரி 6 என மூன்று ரகங்கள். நான்கு வகை இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பாத்திகள். அறுவடையின்போது ஒரு சதுர மீட்டரில் நின்ற செடிகளை எண்ணி, காய் மகசூலையும் எடை போட்டு வைத்திருக்கிறேன். ஊருக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ரகத்துக்கு ஒரு தொடர்புப்போக்கு (ரிக்ரஷன்) வளைவு என்று ஆர் மென்பொருளில் ஒரே படமாக வரைய வேண்டும். லாட்டிஸ் என்ற வரைபடத் தொகுப்பில் வரைந்தால் மூன்று ரகத்துக்கும் சேர்த்து ஒரே கோடு வருகிறது. ஜிஜிபிளாட் என்ற இன்னொரு தொகுப்பில் மூன்று வளைவுகள் வருகின்றன. ஆனால் அவை என் அட்டவணையில் உள்ள இருபடிச் சமன்பாட்டோடு பொருந்தவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் சமன்பாட்டையும், மகசூல் வேறுபாட்டில் எவ்வளவு பங்கை அது விளக்குகிறது என்று சொல்லும் ஆர்-ஸ்கொயரையும் எழுதும்படி வழிகாட்டி சொல்கிறார். என்ன செய்வது?

பதில்:

உங்கள் இரண்டு சிக்கல்களும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. கட்டத்துக்குள் தெரியும் கோட்டை நீங்கள் கணக்கிடவில்லை. வரைபடத் தொகுப்பு தன் போக்கில் கணக்கிட்டுப் போட்டிருக்கிறது. எந்தத் தரவை எடுத்துக்கொண்டு, எந்தச் சமன்பாட்டைப் பொருத்தி அந்தக் கோட்டைப் போட்டது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆய்வேட்டில் வைக்கும் படத்தில் உங்கள் பகுப்பாய்வின் வளைவுதான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான வழியைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் லாட்டிஸ். இதை எழுதியவர் தில்லியில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தீபாயன் சர்க்கார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லியம் கிளீவ்லாந்தும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய, தரவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வரையும் டிரெல்லிஸ் முறையை இவர்தான் ஆர் மென்பொருளுக்குக் கொண்டுவந்தார். அதில் எக்ஸ்ஒய்பிளாட் கட்டளைக்கு நீங்கள் தரும் சூத்திரம் இப்படி இருக்கும். பத்திப் பெயர்களைப் படிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன்; பயிர் என்பது சதுர மீட்டரில் நின்ற செடிகளின் எண்ணிக்கை. உங்கள் கோப்பில் உள்ள பெயர்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

மகசூல் ~ பயிர் | ஊர், குரூப்ஸ் = ரகம்

அலைக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது செங்குத்து அச்சு, வலப்பக்கம் இருப்பது கிடை அச்சு. நெடுங்கோட்டுக்குப் பிறகு வருவது கட்டங்களைப் பிரிக்கிறது. குரூப்ஸ் என்பது கட்டத்துக்குள் புள்ளிகளை ரகவாரியாகப் பிரிக்கிறது. இதோடு நிறுத்தி, டைப் என்ற இடத்தில் பி, ஆர் என்ற இரண்டு எழுத்துகளைக் கொடுத்தால் புள்ளிகளும் நேர்கோடுகளும் ரகவாரியாகத் தாமாகவே வந்துவிடும்.

உங்களுக்கு நேர்கோடு போதாது, வளைவு வேண்டும். அதற்காகச் சொந்தமாக ஒரு பேனல் செயற்கூறு (ஒரு கட்டத்துக்குள் என்ன வரைய வேண்டும் என்று சொல்லும் ஃபங்ஷன்) எழுதியிருப்பீர்கள், கோளாறு அங்கேதான். பேனல் என்ற இடத்தில் உங்கள் செயற்கூற்றை வைத்தவுடன், லாட்டிஸ் அந்த ஊரின் எல்லாப் புள்ளிகளையும் ஒரே கட்டாக அதனிடம் கொடுத்துவிடுகிறது. உள்ளே நீங்கள் பொருத்தும் சமன்பாட்டுக்கு ரகம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. மூன்று ரகத்துக்கும் சேர்ந்து ஒரே கோடு வருவது இதனால்தான். திருத்தம் எளிது. பேனல் என்ற இடத்தில் பேனல் சூப்பர்போஸ் என்ற ஆயத்தச் செயற்கூற்றை வையுங்கள். நீங்கள் எழுதியதைப் பேனல் குரூப்ஸ் என்ற இடத்துக்கு மாற்றுங்கள். சூப்பர்போஸ் புள்ளிகளை ரகவாரியாகப் பிரித்து, உங்கள் செயற்கூற்றை ரகத்துக்கு ஒரு முறை அழைக்கும். உங்கள் செயற்கூறு அந்த ரகத்துக்கான கோட்டு நிறத்தையும் கேட்டு வாங்கி, வளைவை வரையும் கட்டளையிடம் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் மூன்று வளைவுகளும் ஒரே நிறத்தில் வந்து, எது எந்த ரகம் என்று தெரியாது.

வளைவு கிறுக்கலாக முன்னும் பின்னும் போய்வந்தால் பயப்பட வேண்டாம். கோடு போடும் கட்டளை தரவு வந்த வரிசையில் புள்ளிகளை இணைக்கிறது. உங்கள் கோப்போ பாத்தி எண் வரிசையில் இருக்கிறது. பயிர் எண்ணிக்கையை ஏறுவரிசைப்படுத்திவிட்டு வரையுங்கள். அதைவிட நல்லது, அந்த ரகத்தின் குறைந்த எண்ணிக்கையிலிருந்து கூடிய எண்ணிக்கை வரை சம இடைவெளியில் ஐம்பது மதிப்புகளை உருவாக்கி, அவற்றுக்குப் பிரெடிக்ட் என்ற கட்டளை சமன்பாட்டிலிருந்து கணித்துக் கொடுக்கும் மதிப்பை இணைப்பது.

இனி ஜிஜிபிளாட். வளைவு போடும் ஜியோம் ஸ்மூத் கட்டளையை மட்டும் எழுதினால் அது தொடர்புப்போக்குச் சமன்பாட்டைப் பொருத்துவதில்லை. தரவு ஆயிரத்துக்குக் குறைவாக இருந்தால் லோயஸ் என்ற முறையில், ஒவ்வோர் இடத்திலும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கு மட்டும் பொருத்தி மென்மையான கோடு போடுகிறது. அதற்கு மேல் போனால் வேறு முறைக்குத் தாவுகிறது. நீங்கள் அட்டவணையில் வைத்திருப்பது இருபடிச் சமன்பாடு. படத்தில் வந்ததோ லோயஸ். இரண்டும் பொருந்தாதது இயல்பு. இன்னொன்று: நான்கே இடைவெளி என்பதால் உங்கள் செடி எண்ணிக்கைகள் நான்கு கொத்துகளாகக் குவிந்திருக்கும். அப்படிப்பட்ட தரவில் லோயஸ் தடுமாறும். சிவப்பு எழுத்தில் வந்த எச்சரிக்கைகளை நீங்கள் கடந்து போயிருக்கக்கூடும். அவை இதைத்தான் சொல்கின்றன.

மெத்தட் என்ற இடத்தில் எல்எம் என்றும், ஃபார்முலா என்ற இடத்தில் ஒய் ~ பாலி(எக்ஸ், 2), அதாவது இருபடி, என்ற பொருளிலும் எழுதுங்கள். இந்த ஃபார்முலாவுக்குள் ஒய், எக்ஸ் என்ற எழுத்துகளைத்தான் போட வேண்டும். மகசூல், பயிர் என்ற உங்கள் பத்திப் பெயர்கள் அங்கே செல்லாது. பலர் தடுக்கி விழும் இடம் இது. ரகத்தை 1, 2, 3 என்று எண்ணால் குறித்திருந்தால் ஜிஜிபிளாட் அதைத் தொடர் அளவாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே கோடு போட்டுவிடும். முதலில் அதை ஃபேக்டராக, அதாவது வகைப் பெயராக, மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்தால் ஆறு கட்டம், கட்டத்துக்கு மூன்று வளைவு என்று படம் அழகாக வந்துவிடும். பெரும்பாலானோர் இங்கே நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் கணக்கையே எடுத்துப் பாருங்கள். ஒரு ஊரில் ஒரு ரகத்துக்கு 12 பாத்திகள். ஆறு ஊர், மூன்று ரகம் என்றால் 18 வளைவுகள், மொத்தம் 216 பாத்திகள். இருபடி வளைவு ஒன்றுக்கு மூன்று கெழுக்கள், அதாவது தரவிலிருந்து கணக்கிட வேண்டிய மூன்று எண்கள். வரைபடத் தொகுப்பு ஒவ்வொரு வளைவையும் தன்னந்தனியாக 12 புள்ளிகளிலிருந்து கணக்கிடுகிறது. பிழையை அளக்க மிஞ்சுவது 9 கட்டற்ற பாகை (புள்ளிகளின் எண்ணிக்கையில் கெழுக்கள் போக மீதி). நீங்கள் எல்லாப் பாத்திகளையும் ஒரே பகுப்பாய்வில் வைத்து, பயிர் எண்ணிக்கை, ரகம், ஊர் மூன்றுக்கும் முழு இடைவினை கொடுத்திருந்தால் (ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு ரகத்துக்கும் வளைவு தனியாக மாறலாம் என்று விட்டிருந்தால்), 54 கெழுக்கள் போக 162 கட்டற்ற பாகை மிஞ்சும். இந்த இரண்டிலும் வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே விழும். ஆனால் 95 விழுக்காட்டு நம்பிக்கைப் பட்டை மாறும். பட்டையின் அகலத்தைப் பெருக்கும் டி மதிப்பு தனித்தனிக் கணக்கில் 2.26, சேர்த்த கணக்கில் 1.97. போதாததற்கு, 12 புள்ளிகளில் அளந்த பிழை ஊருக்கு ஊர் தாறுமாறாக ஏறி இறங்கும். அதனால் ஒரு கட்டத்தில் பட்டை ஒல்லியாகவும் அடுத்த கட்டத்தில் தடித்தும் தெரிந்து, பார்ப்பவர் இல்லாத வேறுபாட்டைக் கற்பனை செய்துகொள்வார்.

முழு இடைவினை இல்லாத சமன்பாட்டை நீங்கள் முடிவாக ஏற்றிருந்தால் வேறுபாடு இன்னும் பெரிது. எடுத்துக்காட்டாக, வளைவின் வடிவம் ரகத்துக்கு ரகம் மாறுகிறது, ஊர் மாறினால் வளைவு மொத்தமாக மேலோ கீழோ நகர்கிறது, அவ்வளவுதான் என்று உங்கள் அட்டவணை சொல்லலாம். அப்போது ஒரு ரகத்தின் வளைவு ஆறு கட்டங்களிலும் ஒரே வடிவத்தில் இருந்தாக வேண்டும். ஜியோம் ஸ்மூத் போட்ட படத்திலோ கணியம்பாடியில் குவிந்தும் பேரணாம்பட்டில் குழிந்தும் இருக்கும். அட்டவணை ஒன்று சொல்ல, படம் இன்னொன்று சொல்லும். வாய்மொழித் தேர்வில் இதைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும், வரவும் வேண்டும்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் சமன்பாட்டைப் பொருத்தி, எது வேண்டும் எது வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள். பிறகு எக்ஸ்பாண்ட் கிரிட் என்ற கட்டளையைக் கொண்டு பயிர் எண்ணிக்கை, ரகம், ஊர் ஆகியவற்றின் எல்லாச் சேர்க்கைகளும் உள்ள ஒரு புதிய அட்டவணையை உருவாக்குங்கள். அதைப் பிரெடிக்டுக்குக் கொடுத்து, இன்டர்வெல் என்ற இடத்தில் கான்ஃபிடன்ஸ் என்று கேட்டால், வளைவின் உயரமும் பட்டையின் கீழ் மேல் எல்லைகளும் கிடைக்கும். ஜிஜிபிளாட்டில் புள்ளிகளை உங்கள் மூலத் தரவிலிருந்தும், வளைவையும் பட்டையையும் இந்தப் புதிய அட்டவணையிலிருந்தும் வரையுங்கள். ஜியோம் ஸ்மூத்தை எடுத்துவிடுங்கள். வளைவுக்கு ஜியோம் லைன், பட்டைக்கு ஜியோம் ரிப்பன். கட்டங்களைப் பிரிக்கும் ஃபேசட் ரேப் கட்டளை இரண்டு அட்டவணைகளிலும் ஊர்ப் பெயரைப் பார்த்து உரிய கட்டத்தில் சேர்த்துவிடும். ஊர்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஏழாவதாக ஒரு கட்டம் முளைத்துவிடும்.

பாத்திகளைத் தொகுதிகளாகப் பிரித்து, எல்எம்இ4 என்ற தொகுப்பைக் கொண்டு (தொகுதி வேறுபாட்டைத் தற்செயல் விளைவாக எடுத்துக்கொள்ளும்) கலப்புச் சமன்பாடு பொருத்தியிருந்தாலும் வளைவுக்கு முறை இதேதான்; இன்டர்வெல் என்ற இடம் மட்டும் அங்கே இல்லை. பிரெடிக்டில் ஆர்இ ஃபார்ம் என்ற இடத்தில் என்ஏ என்று கொடுத்தால் தொகுதி வேறுபாடு நீங்கிய பொது வளைவு கிடைக்கும்.

எக்ஸ்பாண்ட் கிரிட் தரும் அட்டவணையை அப்படியே பயன்படுத்தாதீர்கள். எல்லா ஊரிலும் எல்லா ரகமும் ஒரே எல்லைக்குள் வளர்ந்ததாக அது நினைத்துக்கொள்ளும். ஆலங்காயத்தில் ஒரு ரகத்தின் செடிகள் 18 முதல் 30 வரைதான் நின்றிருந்தன என்றால், அந்த வளைவு 30-இல் நிற்க வேண்டும். இருபடி வளைவு தரவுக்கு வெளியே போனால் தலைகுப்புற விழும். அந்த வீழ்ச்சியைப் பயிரின் குணம் என்று யாராவது படித்துவிடுவார்கள். ஊர், ரகம் வாரியாகக் குறைந்த, கூடிய எண்ணிக்கைகளைக் கண்டறிந்து, அதற்கு வெளியே உள்ள வரிசைகளை நீக்கிவிட்டு வரையுங்கள். வளைவின் உச்சியை வைத்து உகந்த பயிர் எண்ணிக்கை இது என்று எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். உச்சி தரவுக்கு உள்ளே விழுந்தால் எழுதுங்கள். மேல் எல்லைக்கு வெளியே விழுந்தால், இந்த எல்லைக்குள் மகசூல் ஏறிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. 30-க்கு 10 சென்டிமீட்டர் என்ற பரிந்துரைக்கப்பட்ட இடைவெளியில் சதுர மீட்டருக்கு 33 செடிகள் வரும். அந்த இடத்தில் எல்லாக் கட்டங்களிலும் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு போட்டால் படிப்பவருக்குப் பெரிய உதவி.

இங்கே வேளாண்மை சார்ந்த ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நீங்கள் விதைத்த இடைவெளியை விட்டுவிட்டு, கடைசியில் நின்ற செடிகளைக் கிடை அச்சில் வைக்கிறீர்கள். மல்லாட்டைக் (வேர்க்கடலைக்) கொல்லையில் செடி குறைவதற்கு இடைவெளி மட்டும் காரணமல்ல. முளைக்காமல் போயிருக்கலாம், வேரழுகலில் செத்திருக்கலாம். வேரழுகல் வந்த பாத்தியில் தப்பி நிற்கும் செடிகளும் நலிந்துதான் இருக்கும். அங்கே மகசூல் குறைந்ததற்கு எண்ணிக்கை காரணமா நோய் காரணமா என்று வளைவால் பிரிக்க முடியாது. புள்ளியின் நிறத்தை ரகத்துக்கும், புள்ளியின் வடிவத்தை விதைத்த இடைவெளிக்கும் கொடுத்துப் பாருங்கள். நெருக்கி விதைத்த பாத்தியின் முக்கோணம் ஒன்று இடப்பக்கத்தில், வளைவுக்குக் கீழே கிடந்தால், அந்தப் பாத்தியின் வயல் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும். கட்டம் கட்டமாக வரைவதன் பெரும் பயன் இதுபோன்ற புள்ளிகள் கண்ணில் படுவதுதான்.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1931, 1932 ஆண்டுகளில் ஆறு இடங்களில் பத்து பார்லி ரகங்களைப் பயிரிட்ட தரவு அது. பல பத்தாண்டுகள் புள்ளியியலாளர்கள் கையாண்ட தரவு. கிளீவ்லாந்து இடத்துக்கு ஒரு கட்டம் போட்டு, இரண்டு ஆண்டுகளையும் ஒரே கட்டத்துக்குள் குழுக்களாக வைத்து, கட்டங்களை மகசூல் வரிசையில் அடுக்கினார். ஐந்து இடங்களில் 1931-இன் மகசூல் மேலே இருக்க, மாரிஸ் என்ற இடத்தில் மட்டும் தலைகீழாக இருந்தது. ஆண்டுகள் மாற்றிக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றார். பின்னர் 2013-இல் கெவின் ரைட் கூடுதல் ஆண்டுகளின் தரவையும் வானிலைப் பதிவுகளையும் வைத்து ஆராய்ந்து, அது இயல்பாகவும் நடந்திருக்கக்கூடும் என்று காட்டினார். படம் எழுப்பிய கேள்விக்கு விடை தேட மறுபடியும் பதிவுகளுக்குத்தான் போக வேண்டியிருந்தது. உங்கள் ஆறு ஊர்களில் ஒன்று மட்டும் மாறி நின்றால், அந்த ஊரில் விழுது இறங்கும் பருவத்தில் மழை எப்படி இருந்தது என்று பாருங்கள். பாத்தி அட்டைகள் மாறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அந்த பார்லிப் படத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. எவற்றை ஒப்பிட வேண்டுமோ அவை ஒரே கட்டத்துக்குள் இருக்க வேண்டும். ரகங்களை ஒப்பிடுவது நோக்கம் என்றால் இப்போதுள்ள அமைப்பு சரி. ஒரே ரகம் ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்பதுதான் கேள்வி என்றால், ரகத்துக்கு ஒரு கட்டமாக மூன்று கட்டங்கள் போட்டு, ஊர்களை வளைவுகளாக்குங்கள். இரண்டையும் வரைந்து பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடுத்தது, கட்டங்களின் வரிசை. ஆர் ஊர்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்கும்; அதில் எந்தப் பொருளும் இல்லை. சராசரி மகசூல் வரிசையிலோ பருவ மழை வரிசையிலோ ஃபேக்டரின் நிலைகளை மாற்றி அமையுங்கள். லாட்டிஸ் கீழ் இடது மூலையிலிருந்து கட்டங்களை அடுக்கத் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேலிருந்து வர வேண்டுமென்றால் ஆஸ் டேபிள் என்பதை உண்மை என்று கொடுங்கள்.

செங்குத்து அச்சின் அளவு எல்லாக் கட்டங்களிலும் ஒன்றாகவே இருக்கட்டும். கட்டத்துக்குக் கட்டம் அளவை மாற்றும் வசதி இரண்டு தொகுப்புகளிலும் உண்டு; ஆனால் அதைப் பயன்படுத்தினால் வறண்ட ஊரின் சிறு ஏற்றமும் செழித்த ஊரின் பெரும் ஏற்றமும் ஒரே உயரத்தில் தெரியும். ஆய்வேட்டின் படிகள் பெரும்பாலும் கருப்பு வெள்ளையில்தான் ஜெராக்ஸ் ஆகும் என்பதால் நிறத்தோடு கோட்டின் வகையையும் மாற்றுங்கள். ஊர்ப் பெயர்கள் தமிழில் வர வேண்டுமானால் சாதாரண பிடிஎஃப் கட்டளையில் எழுத்துகள் உடையும் அல்லது புள்ளிகளாக மாறும். கெய்ரோ பிடிஎஃப் கட்டளையையும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவையும் பயன்படுத்திப் பாருங்கள்.

வழிகாட்டி கேட்ட சமன்பாடும் ஆர்-ஸ்கொயரும் மிச்சம். 18 சமன்பாடுகளைக் கட்டங்களுக்குள் எழுதினால் புள்ளிகள் மறைந்துவிடும். அவற்றை வாசிப்பவரும் இருக்க மாட்டார். தவிர, ஒரே சமன்பாடாகப் பொருத்திய பிறகு கட்டத்துக்கு ஓர் ஆர்-ஸ்கொயர் என்பது இல்லை, மொத்தத்துக்கு ஒன்றுதான். தனித்தனியாகக் கணக்கிட்டு எழுதினால், செடி எண்ணிக்கை பரந்து கிடந்த ஊரில் அது கூடுதலாகவும், குறுகிக் கிடந்த ஊரில் குறைவாகவும் வரும். வளைவு எவ்வளவு நம்பத்தக்கது என்பதை அந்த எண் காட்டாது. நம்பிக்கைப் பட்டை காட்டும். கெழுக்களையும் அவற்றின் திட்டப் பிழைகளையும் ஓர் அட்டவணையாகப் பின்னிணைப்பில் வைத்து, கட்டத்துக்குள் எத்தனை பாத்திகள் என்பதை மட்டும் ஒரு மூலையில் எழுதலாம் என்று வழிகாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். இரண்டு வகைப் படங்களையும் அச்சிட்டு அவர் முன் வைத்துப் பேசுவது நல்லது. அதன் பிறகும் அவர் வலியுறுத்தினால், மொத்தச் சமன்பாட்டின் ஆர்-ஸ்கொயரைப் படத்தின் தலைப்புக்குக் கீழே ஒரே வரியில் எழுதிவிடுங்கள்.